பொருள் விரைவாக ஒப்படைக்கப்பட்டது

அந்தப் பழுதுபார்ப்பு மையத்தில் ஐந்து வருடமாக ஒரு வாடிக்கையாளர்கூட ஓர் ஊழியரைத் திட்டியதில்லை. பதிவேடு அப்படித்தான் சொல்கிறது. பதிவேட்டை விட்டுவிட்டுத் தன் காதை நம்புகிறவர்கள் அங்கே ரொம்ப நாள் தாக்குப்பிடிக்க மாட்டார்கள்.

வாயாடி அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குப் பதினெட்டு முடிந்து நாலு மாதம். வாயாடி என்பது வீட்டில் வைத்த பட்டம். அம்மா ஒன்று சொன்னால் இவள் ஒன்பது சொல்வாள். மாடிவீட்டுக்காரர் குழாயை மூடாமல் போனால் படியேறிப் போய் நியாயம் கேட்டுவிட்டு வருவாள். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் குரலை உயர்த்திவிட்டால் போதும், நாக்கு அண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். உள்ளங்கை வேர்த்துக் கொட்டும். முழங்கால் இரண்டும் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிடும். இந்தச் சங்கதி வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அம்மா அவளை ஆள் முகம் பார்க்கிற வேலைக்கு அனுப்பியிருக்க மாட்டாள்.

அம்மா ஆஸ்பத்திரியில் வார்டு துடைக்கிறவள். "என் வேலையில நோயாளி வாந்தி எடுப்பான், துடைச்சா போயிடும். உன் வேலை அதைவிடக் கஷ்டம்டி, அவனுங்க எடுக்கறது காதுல விழும்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவைத்தாள்.

மையத்தில் நான்கு கவுன்ட்டர்கள். ஒவ்வொன்றிலும் நெஞ்சு உயரத்துக்குக் கண்ணாடி, அதன் அடியில் சாமான் வாங்க ஒரு திறப்பு. பொசுங்கிய வாடையோடு மின்விசிறி வரும், இஸ்திரிப் பெட்டி வரும், அடி கருகிய வெந்நீர்க் கெண்டி வரும். பின்னாலேயே அதன் சொந்தக்காரரின் தலை வரும். மேலே பெரிய எழுத்தில் ஒரு பலகை: "எஜமானர் கோபம், எங்கள் பாக்கியம்." வாடிக்கையாளர் என்ற சொல்லில் மரியாதை போதவில்லை என்று தலைமை அலுவலகம் அதை எஜமானர் என்று மாற்றி மூன்று வருடம் ஆகியிருந்தது.

முதல் நாள் பயிற்சி. தலைமை அலுவலகத்திலிருந்து பண்பு ஆலோசகர் அம்மா வந்திருந்தார். அவர் வாழ்நாளில் எந்தக் கவுன்ட்டரிலும் உட்கார்ந்ததில்லை. அதனாலேயே விருப்புவெறுப்பில்லாமல் அதைப் பற்றிப் பேச முடிகிறது என்று அவரே சொன்னார்.

"எஜமானர் திட்டமாட்டார். நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க. அவர் மனசைத் திறக்கிறார். அதை நீங்க காதால கேட்கக் கூடாது, பல்லால கேட்கணும்."

பல்லால் கேட்பதற்குக் கணக்கு இருந்தது. மேல்வரிசையில் எட்டுப் பல் தெரிய வேண்டும். ஆறு தெரிந்தால் அலட்சியம், பத்து தெரிந்தால் கேலி. கவுன்ட்டரின் உட்புறம் எஜமானர் கண்ணில் படாதபடி ஒரு சின்னக் கண்ணாடி ஒட்டியிருந்தது, எண்ணிப் பார்த்துக்கொள்ள. வாயாடிக்கு ஓரப் பல் ஒன்று கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். எட்டாவது பல்லை வெளியே கொண்டுவர அவள் உதட்டைக் காதுவரை இழுக்க வேண்டியிருந்தது.

அப்புறம் ப-7 படிவம். எஜமானர் மனசைத் திறந்த ஒவ்வொரு முறையும் அதை நிரப்ப வேண்டும். ஆனால் அலுவலகக் காகிதத்தில் அசிங்கமான சொல் ஏறக் கூடாது. அதற்காகவே பதினாறு பக்கத்தில் ஒரு பண்புச் சொற்கோவை அச்சடித்து ஆளுக்கொன்று கொடுத்திருந்தார்கள். எஜமானர் சொன்னது இடது பக்கம் குறிப்பாக இருக்கும், எழுத வேண்டியது வலது பக்கம் இருக்கும். நாயே என்றால், விசுவாசமுள்ள பிராணியோடு ஒப்பிட்டார். எருமை என்றால், பொறுமைக்கு உவமை சொன்னார். அறிவிருக்கா என்று கேட்டால், ஊழியரின் அறிவு குறித்து அக்கறையோடு விசாரித்தார். நாசமாய்ப் போ என்றால், பயணத்துக்கு வாழ்த்தினார். ரசீதைக் கசக்கி முகத்தில் எறிந்தால், ஆவணத்தை வான்வழியே சேர்ப்பித்தார். எச்சில் துப்பினால், கருத்தை ஈரத்தோடு தெரிவித்தார்.

முதல் வாரமே ஒருவர், மின்விசிறி இன்னும் தயாராகவில்லை என்றதற்கு, இது என்ன உங்கப்பன் வீட்டுக் கம்பெனியா, அவன் உன்னைப் பெத்தானா இல்ல எங்கேயாவது பொறுக்கிட்டு வந்தானா என்று ஆரம்பித்துக் கால்மணி நேரம் பேசினார். வாயாடி எட்டுப் பல்லையும் காட்டியபடி நின்றாள். பிறகு படிவத்தில் எழுதினாள்: எஜமானர் ஊழியரின் தந்தையை நினைவுகூர்ந்தார். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இந்த மூன்று வருடத்தில் அவரை இவ்வளவு நேரம் யாரும் நினைவுகூர்ந்ததில்லை.

தினமும் காலையில் கதவு திறப்பதற்கு முன் கால்மணி நேரம் வசைப் பயிற்சி நடக்கும். ஊழியர்கள் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் திட்ட வேண்டும். திட்டு வாங்குகிறவரின் பல்லை மேலாளர் எண்ணிக்கொண்டே வருவார். மேலாளர் கழுத்துப்பட்டை கட்டிய, எப்போதும் வாய் மணக்க ஏலக்காய் மெல்லுகிற மனிதர். கவுன்ட்டருக்கு வரவே மாட்டார். கூச்சல் கேட்டால் அவர் அறைக் கதவு உள்ளேயிருந்து தாழ்போடும் சத்தம் கேட்கும். அதற்கும் ஒரு பெயர் இருந்தது, ஊழியருக்குத் தன்னுரிமை அளித்தல்.

வாயாடிக்குப் பயிற்சியில் ஜோடி ரெண்டாம் கவுன்ட்டர் அக்கா. பதினோரு வருடம் அங்கே குப்பை கொட்டியவள், இரண்டு பிள்ளைக்குத் தாய். மேலாளர் பக்கத்தில் வரும்போது, "எருமை, தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்கறியா" என்று கத்துவாள். அவர் தாண்டிப் போனதும், "காலையில சாப்பிட்டியாடி?" என்பாள். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் வாயாடி சாயந்திரம்வரை ஓட்டினாள். மாதக் கடைசியில் யார் அதிகம் திட்டு வாங்கினார்களோ அவர்களுக்குத் தாங்குதூண் என்று ஒரு வில்லை குத்துவார்கள். மூன்று மாதம் தொடர்ந்து வாயாடிதான் தூண். பயந்த முகத்தைத் தேடிப்பிடித்துத் திட்டுகிற சாமர்த்தியம் எஜமானர்களுக்குப் பிறவியிலேயே வந்துவிடுகிறது. மற்ற மூன்று கவுன்ட்டரிலும் பம்மிக்கொண்டு நிற்பவர்கள் வாயாடியின் நாலாம் கவுன்ட்டருக்கு வந்ததும் சிங்கமாகிவிடுவார்கள்.

அவளுடைய தகுதிகாண் காலம் ஆறு மாதம். அது தாண்டினால் நிரந்தரம். ஐந்தாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, இஸ்திரிப் பெட்டிக்காரர் வந்தார்.

நல்ல உடை, நல்ல செருப்பு, வண்டிச் சாவியைக் கண்ணாடியில் தட்டுகிற விரல். பெட்டி சூடாகவில்லை. உத்தரவாதம் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. அதைத்தான் வாயாடி சொன்னாள். நாலு நாளுக்கு நீ கணக்குப் பார்க்கிறாயா என்று அவர் ஆரம்பித்தார். உதட்டை இழுத்தாள். உதடு நடுங்கியது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.

"நான் இங்க கத்திட்டு நிக்கறேன், நீ பல்லைக் காட்டறியா?"

சொல்லிக்கொண்டே பெட்டியைத் தூக்கித் திறப்புவழியே உள்ளே அடித்தார். அவள் வலது கை மேசைமேல் ரசீதுப் புத்தகத்தின்மேல் இருந்தது. நடு விரலும் மோதிர விரலும் எப்போதும் மடங்காத பக்கத்துக்கு மடங்கின. வலி வருவதற்கு முன்னால் ஒரு கணம், அந்தச் சின்னக் கண்ணாடியில் தன் வாய் இன்னும் சிரித்துக்கொண்டிருப்பதை அவள் பார்த்தாள்.

மேலாளர் அறை தாழ்போடும் சத்தம் கேட்டது. அக்கா ஓடிவந்து தன் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துச் சுற்றினாள். இஸ்திரிப் பெட்டிக்காரர் அடுத்த கவுன்ட்டரில் போய்ப் புகார்ப் புத்தகம் கேட்டு வாங்கி நிதானமாக எழுதினார். இங்கே இருக்கும் பெண் எஜமானரைப் பார்த்து இளிக்கிறாள், அவள் கையில் மோதியதில் பெட்டியின் முனை நெளிந்துவிட்டது, புதுப் பெட்டி தர வேண்டும்.

சாயந்திரம் மேலாளர் ப-7 படிவத்தைத் தானே நிரப்பி வைத்திருந்தார். அதில் இருந்தது ஒரே வரி: பொருள் விரைவாக ஒப்படைக்கப்பட்டது; பெற்றுக்கொள்வதில் ஊழியர் தரப்பில் தாமதம். கீழே அவள் கையெழுத்துக்கு ஒரு புள்ளிக்கோடு.

வாயாடி வலது கையைத் தூக்கிக் காட்டினாள். கையில் கட்டு, நாளைக்குப் போடுகிறேன் என்று ஜாடை காட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். அழவில்லை. மகளின் தலையை ஒரு தரம் வருடிவிட்டு, நேராகக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போனாள். அங்கே எழுதுகிறவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவரும் நாலு பேரிடம் திட்டு வாங்குகிற ஆள்தான் என்பதால் இரக்கத்தோடு விளக்கினார். சம்பவம் நடந்த இடம் அலுவலகம். அலுவலகப் பதிவேட்டில் அடித்தார் என்று ஒரு சொல் இருந்தால் போதும், அதன் நகலைக் கொண்டுவந்தால் மேற்கொண்டு நடவடிக்கை எடுக்கலாம். விரைவாக ஒப்படைத்ததற்கெல்லாம் யாரையும் பிடிக்க முடியாது.

திரும்பி வரும் வழியில் அம்மா ஒன்றுதான் கேட்டாள். "அவன் அடிச்சான்ல?"

"அடிச்சான்மா."

"அப்ப அதைத்தான் எழுதணும். அதுக்கு இன்னொரு பேரு கிடையாது."

வாயாடிக்கு அதற்குமேல் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. புது விரல் கேட்கவில்லை, அந்த ஆள் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுகூட இல்லை. அந்த ஒரு சொல் அந்தப் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறாவிட்டால், கொஞ்ச நாளில் தானே அதை மறந்துபோய், ஆமாம், நான்தான் தாமதமாகக் கையை எடுத்தேன் என்று நம்ப ஆரம்பித்துவிடுவோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. ஐந்து மாதத்தில் பாதி நம்பியாகிவிட்டது.

இரண்டாம் நாள் விசாரணைக் குழு கூடியது. குழு என்பது மேலாளரும் ஆலோசகர் அம்மாவும். கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். அதில் இஸ்திரிப் பெட்டிக்காரரே இல்லை. எஜமானரைப் படம் பிடிப்பது மரியாதைக் குறைவு என்பதால் கேமராக்கள் நான்கும் ஊழியர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தன. திரையில் வாயாடியின் முகம் பெரிதாக நின்றது. ஆலோசகர் அம்மா பேனா முனையால் திரையைத் தொட்டு எண்ணினார். ஆறு. இன்னொரு தரம் எண்ணினார். ஏழாவது பல்லை ஏற்றுக்கொள்ளலாமா என்று இருவரும் பத்து நிமிடம் விவாதித்தார்கள். பாதிதான் தெரிகிறது என்று முடிவானது.

"ஆறரைப் பல்லுக்கு எந்த எஜமானருக்கும் கோபம் வரத்தாம்மா செய்யும்" என்றார் ஆலோசகர் அம்மா கனிவாக. "எட்டு காட்டியிருந்தா இது நடந்திருக்காது. நடந்திருந்தாலும் உனக்கு வலிச்சிருக்காது. புன்னகை ஒரு மருந்து."

சாட்சியாக அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் வாயாடியின் முகத்தைப் பார்க்காமல், அந்த நேரத்தில் என் எட்டாவது பல்லில் கவனமாக இருந்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். மதியம் கழிப்பறை வாசலில் எதிர்ப்பட்டபோது, "என்னைக் கேக்காதடி. எனக்கு ரெண்டு இருக்கு வீட்டுல" என்றாள். அன்றைக்குச் சாப்பிட்டாயா என்று அவள் கேட்கவில்லை.

மேலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஊழியரை உட்காரச் சொன்னது அதுவே முதல் முறை. மேசைமேல் இரண்டு காகிதம் இருந்தது. ஒன்று அந்த ப-7. இன்னொன்று அவளுடைய நிரந்தர வேலை உத்தரவு, அச்சடித்து முத்திரை வைத்துத் தயாராக. வெள்ளிக்கிழமை விழா, ஐந்து வருடம் ஒரு வசையும் இல்லாத மையம் என்று கேடயம் வருகிறது, நிலுவையில் நிற்பது இந்த ஒரு படிவம்தான் என்று விளக்கினார். கை உடைந்திருக்கிறதே என்று அவள் முனகியபோது அவர் இழுப்பறையைத் திறந்து மைப்பெட்டியை எடுத்து வைத்தார். இடது பெருவிரல் நன்றாகத்தானே இருக்கிறது என்றார். யோசிக்க வெள்ளிக்கிழமைவரை நேரம் கொடுத்தார். அதையும் தன் பெருந்தன்மை என்ற தலைப்பில் குறித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, எஜமானர்கள் முன்னிலையிலேயே விழா. டோக்கன் எடுத்துக் காத்திருந்த முப்பது பேர், மடியில் மின்விசிறியும் கெண்டியுமாக உட்கார்ந்திருந்தார்கள். கவுன்ட்டர்களுக்கு முன்னால் ஒரு மேசை, மேசைமேல் கேடயம், பதிவேடு, மைப்பெட்டி. ஆலோசகர் அம்மா ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"அஞ்சு வருஷம். ஒரு வசை இல்ல, ஒரு அடி இல்ல. இன்னொரு மையத்துல போன வருஷம் ஒரு பொண்ணு அழுதுடுச்சு. அதை நாங்க கண் சுத்தம்னு பதிவு பண்ண வேண்டியதாச்சு. இங்க அதுகூடத் தேவைப்படல. ஏன்னா இந்த மேலாளர், அழறதுக்கு நேரமே கொடுக்கிறதில்ல."

ஊழியர்கள் எட்டுப் பல்லோடு கைதட்டினார்கள். எஜமானர்களில் ஒருவர், எப்போது வேலையை ஆரம்பிப்பீர்கள் சோம்பேறிகளே என்று மனசைத் திறந்தார். ஆலோசகர் அம்மா அவருக்கு நன்றி சொன்னார்.

பிறகு தாங்குதூணான வாயாடி மேசைக்கு அழைக்கப்பட்டாள். வலது கையில் அம்மாவின் ஆஸ்பத்திரியில் போட்ட மாவுக்கட்டு, இடது கையில் சொற்கோவைப் புத்தகம். விழாவில் எல்லோரும் அதைப் பிடித்திருக்க வேண்டும் என்பது விதி. முப்பது முகம். முப்பதும் எப்போது வேண்டுமானாலும் கத்தக்கூடிய முகம். மேலாளர் பதிவேட்டில் அந்தப் படிவம் ஒட்டியிருந்த பக்கத்தைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஒரே ஒரு வார்த்தை சேர்த்துட்டாப் போட்டுடறேன் சார்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. ஒலிபெருக்கிக்குக் கேட்டுவிட்டது.

"என்ன வார்த்தைம்மா?" ஆலோசகர் அம்மா கேட்டார்.

"அடிச்சார்."

ஆலோசகர் அம்மா உண்மையிலேயே வருத்தப்பட்டார். சொற்கோவையைப் புரட்டிப் பார்த்தார். அகர வரிசையில் அக்கறைக்கும் அன்புக்கும் நடுவில் தேடினார். "அப்படி ஒரு சொல்லே நம்மகிட்ட இல்லையேம்மா" என்றார். "இல்லாததை எப்படி எழுதறது?"

மேலாளருக்குப் பொறுமை போய்விட்டது. ஒலிபெருக்கியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, பிச்சைக்கார நாயே, உனக்கெல்லாம் வேலை கொடுத்தேன் பார் என்று பல்லைக் கடித்தபடி அவள் இடது பெருவிரலைப் பிடித்து மைப்பெட்டியை நோக்கி இழுத்தார். அவள் கையை உதறினாள். உதறிய வேகத்தில் சொற்கோவை கையைவிட்டுப் போனது. போனது என்று சொல்வது பொய். அவள்தான் எறிந்தாள். பதினாறு பக்கம், மெல்லிய அட்டை. அது அவர் கழுத்துப்பட்டையில் பட்டு, மடிந்து, அவர் காலடியில் விழுந்தது. பட்டை கசங்கக்கூட இல்லை.

மேலாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். "அடிச்சுட்டா. எல்லாரும் பார்த்தீங்கல்ல, அடிச்சுட்டா" என்றார். ஒரு கண்ணாடிக் குவளை தண்ணீர் குடித்தார். பிறகு பதிவேட்டை இழுத்து, தன் கையாலேயே எழுத ஆரம்பித்தார். ஊழியர் மேலாளரை அடித்தாள் என்று எழுதினார். அது போதாதென்று ஆலோசகர் அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். கொடூரமாக. திட்டமிட்டு. கொலைவெறியோடு. தாக்குதல். ரத்தக் காயம் இல்லாவிட்டாலும் மனக் காயம். ஐந்து வருடமாக அந்தப் பதிவேட்டின் வாசலில் காத்துக்கிடந்த சொற்கள் அத்தனையும் முண்டியடித்துக்கொண்டு உள்ளே வந்தன. ஒன்றுக்கும் அவர் சொற்கோவையைப் புரட்டிப் பார்க்கவில்லை.

வாயாடி குனிந்து அதைப் படித்தாள். முதலில் மனசுக்குள். பிறகு வாய்விட்டு, அந்த முதல் வரியை மட்டும்.

"வார்த்தை இருக்கே சார்" என்றாள். "இத்தனை நாள் உங்ககிட்டயேதான் இருந்திருக்கு. மூணு கிலோ இரும்புக்குக் கிடைக்காதது பதினாறு பக்கத்துக்குக் கிடைச்சிடுச்சு. அதுக்கு மேல வரியில என்னோடதையும் எழுதுங்க."

இந்த நிமிடத்தோடு உனக்கு இங்கே வேலை இல்லை, வெளியே போ என்றார் மேலாளர். நிரந்தர உத்தரவை எடுத்து அவள் கண் முன்னால் இரண்டாகக் கிழித்தார். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் முகம் ஒரு தரம் வந்து போனது. பிறகு வில்லையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, ஊழியர்கள் நின்ற பக்கத்தை விட்டு விலகி, வெளியே போகும் கதவை நோக்கி நடந்தாள். கதவுவரை போனவள், அங்கே இருந்த டோக்கன் இயந்திரத்தை இடது கையால் அழுத்தினாள். சீட்டு வந்தது. ரெண்டாம் கவுன்ட்டர் முன்னால் போய் நின்று கண்ணாடிக்குக் கீழே குனிந்தாள்.

"நான் இப்ப இங்க வேலை பார்க்கல" என்றாள். "செவ்வாய்க்கிழமை நாலாம் கவுன்ட்டர்ல ஒருத்தர் இஸ்திரிப் பெட்டியால என் கையில அடிச்சார். நீங்க பார்த்தீங்க. எழுதிக் கொடுங்க."

மேலாளர் நாற்காலியில் இருந்தபடியே, நெஞ்சு வலி சட்டென்று குணமாகி, அவளைக் கவனிக்காதே, அடுத்த டோக்கனைக் கூப்பிடு என்று உத்தரவு போட்டார். ஆலோசகர் அம்மா தன் உதட்டைத் தொட்டு எட்டு என்று விரலால் ஜாடை காட்டினார். அக்கா அந்த ஜாடையைப் பார்த்தாள். மாவுக்கட்டைப் பார்த்தாள். பதினோரு வருடத்தில் முதல் முறையாக உதட்டை மூடினாள். ஒரு பல்கூட வெளியே தெரியவில்லை. கேமரா அதைத் துல்லியமாகப் பதிவு செய்தது.

பிறகு ஒரு ப-7 படிவத்தை எடுத்துத் தன் முன்னால் நேராக வைத்து, பேனாவைத் திறந்தாள். எழுத்து எழுத்தாக, அழுத்தி எழுதினாள். அடிக் காகிதத்தில் நகல் விழ வேண்டும் அல்லவா. ஊழியரை அடித்தார் என்பது வரை வந்ததும் நிறுத்தி, எந்த விரல் என்று கேட்டாள். நடு விரலும் மோதிர விரலும் என்றாள் வாயாடி. அக்கா அதையும் எழுதினாள். சாட்சி என்ற இடத்தில் தன் பெயரை, சுருக்காமல் முழுதாக.

பின்னால் வரிசையில் ஒருவர் கெண்டியால் கண்ணாடியைத் தட்டினார். அறிவிருக்கிறதா உங்களுக்கு, நாங்கள் என்ன வேலைவெட்டி இல்லாதவர்களா, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார்.

அக்கா நிமிரவில்லை.

"எழுதி முடிக்கிறவரைக்கும்" என்றாள்.